சாவு இல்லாத செட்டில் நடப்பது

"சளிதான் சார், சாவு இல்லை." கோழிப் பண்ணைத் தொழிலில் பறவைக் காய்ச்சல் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த வரி எப்படியும் வந்துவிடும். முட்டை குறைந்திருக்கும், ஓடு வெளுத்து மெலிந்திருக்கும், இரவில் விளக்கணைத்துவிட்டுக் கோழிக் கொட்டகையான செட்டுக்குள் நின்றால் கொறகொறவென்று மூச்சுச் சத்தம் கேட்கும். தினச் சாவு எண்ணிக்கை மட்டும் வழக்கத்தைத் தாண்டியிருக்காது. தண்ணீரில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், கூடவே வைட்டமின், இரண்டு மூன்று வாரத்தில் முட்டை மெல்ல ஏறத் தொடங்கும். வந்தது போய்விட்டது என்று நோட்டை மூடிவிடுவார்கள். எனக்கு நெருடுவது அந்தச் 'சாவு இல்லை'தான். அது கோழியைப் பற்றிய கணக்கு. அந்த இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் எத்தனை கோழிக்குள் புகுந்து வெளியே வந்தது, உள்ளே போன மரபணுவும் வெளியே வந்த மரபணுவும் ஒன்றுதானா என்பதற்குச் சாவு நோட்டில் கட்டமே கிடையாது. கோழி இறந்துவிட்டால் அந்தக் கோழிக்குள் வைரஸின் ஓட்டமும் முடிகிறது. சாகாமல் பத்து நாள் சளியோடு நின்று தீனி தின்கிற கோழிதான் வைரஸுக்கு நல்ல பட்டறை.

இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபணு எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள், மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் வழக்கம் இல்லை. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் துண்டு மட்டும் ஏறத்தாழ 1,700 எழுத்து. பண்ணைகளில் சுற்றும் வைரஸ்களில் அந்தத் துண்டில் ஆண்டுக்கு ஐந்தாறு மாற்றங்களாவது நிலைத்துவிடுகின்றன. பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாதவை. உதவுகிற ஒன்று எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை முறை பகடை உருட்டப்படுகிறது என்பதைச் சொல்லலாம். அது செட்டில் எத்தனை கோழி, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது.

ஏப்ரலும் அக்டோபரும்

1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கோழிப் பண்ணைகளில் எச்5என்2 வைரஸ் ஒன்று நுழைந்தது. (எச் என்பது ஹீமக்ளூட்டினினின் வகை எண்; என் என்பது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தின் வகை எண்.) சளி, முட்டைக் குறைவு, கொஞ்சம் சாவு. ஆறு மாதம் அப்படியே பண்ணை விட்டுப் பண்ணை சுற்றியது. அக்டோபரில் அதே வட்டாரத்தில் தலை வீங்கி, கொண்டை நீலம் பாரித்துக் கோழிகள் செட் செட்டாகச் செத்தன. சில இடங்களில் பத்தில் எட்டுக் கோழி போனது. அதை ஒழிக்க 1.7 கோடிக் கோழிகளை அழிக்க வேண்டியிருந்தது; அமெரிக்க மத்திய அரசின் செலவு மட்டும் 6 கோடி டாலரைத் தாண்டியது.

புதிதாக ஏதோ ஒரு வைரஸ் வெளியிலிருந்து வந்துவிட்டது என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் ஆய்வுக்கூடத்தில் யோஷிஹிரோ கவாவோகாவும் ராபர்ட் வெப்ஸ்டரும் ஏப்ரல் வைரஸையும் அக்டோபர் வைரஸையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வந்தது புதிய வைரஸ் இல்லை, பழையதேதான். ஹீமக்ளூட்டினினில் மாறியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில அமினோ அமிலங்கள். அவற்றில் முக்கியமானது 13ஆம் இடத்தில் இருந்த திரியோனின், லைசினாக மாறியது. அது ஏன் பெரிய விஷயம் என்றால், 11ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பராஜினின் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்ட வேண்டுமானால் இரண்டு இடம் தள்ளி திரியோனினோ செரினோ இருந்தாக வேண்டும். 13ஆம் இடம் மாறியது, 11ஆம் இடத்துச் சர்க்கரை உதிர்ந்தது. புரதம் மடிந்து நிற்கும் நிலையில் அந்தச் சர்க்கரை மறைத்துக்கொண்டிருந்தது எதைத் தெரியுமா? வெட்டுமிடத்தை.

வெட்டுமிடம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹீமக்ளூட்டினின் ஒரே நீளப் புரதமாகத்தான் உருவாகிறது. அதைக் கோழியின் நொதி ஒன்று குறிப்பிட்ட இடத்தில் இரண்டாக வெட்டினால்தான் வைரஸ் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். மென்மையான வைரஸ்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒற்றை ஆர்ஜினின்தான் இருக்கும். அதை வெட்ட டிரிப்சின் வகை நொதிகள் வேண்டும். அவை மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் கிடைக்கும். ஆகவே நோயும் சளியோடும் கழிச்சலோடும் நின்றுவிடுகிறது. (சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகளும் இந்த வேலையைச் செய்துகொடுக்கும். சளியோடு ஈ.கோலை போன்ற பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்த செட்டில் 'மென்மையான' வைரஸே மூர்க்கமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.) வெட்டுமிடத்தில் ஆர்ஜினினும் லைசினும் வரிசையாக நின்றுவிட்டால் ஃபியூரின் என்ற நொதியே வெட்டிவிடும். ஃபியூரின் இல்லாத செல் கிடையாது. மூளை, இதயம், கணையம், ரத்தக்குழாய்ச் சுவர் என்று வைரஸுக்கு எல்லாக் கதவும் திறந்துவிடும்.

பென்சில்வேனியாவில் ஏப்ரல் வைரஸிடமே லைசின்-லைசின்-லைசின்-ஆர்ஜினின் வரிசை தயாராக இருந்தது. முதல் நாளிலிருந்தே கத்தி இருந்தது, சர்க்கரை உறைக்குள். ஆறு மாதச் 'சளிதான், சாவு இல்லை' காலத்தில் ஒரே ஓர் எழுத்துப்பிழை அந்த உறையைக் கழற்றிப் போட்டது.

பிழை ஏன் அந்த இடத்தில்?

எல்லா வைரஸும் தயார்க் கத்தியோடு வருவதில்லை. மெக்சிகோவில் 1994ஆம் ஆண்டில் சுற்றிக்கொண்டிருந்த எச்5என்2 வைரஸின் வெட்டுமிடம் சாதாரணமானது: ஆர்ஜினின்-குளுட்டாமிக் அமிலம்-திரியோனின்-ஆர்ஜினின். டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும் நேரத்தில் பியூப்லா, கெரெத்தரோ மாநிலங்களில் கோழிகள் மடிந்தபோது பார்த்தால், குளுட்டாமிக் அமிலம் லைசினாகியிருந்தது. அதோடு இரண்டு புதிய அமினோ அமிலங்கள், ஒரு லைசினும் ஓர் ஆர்ஜினினும், நடுவில் செருகப்பட்டிருந்தன. ஆறு எழுத்துச் செருகல்.

இந்தச் செருகல் ஏன் எச்5, எச்7 வகைகளில் மட்டும் இயற்கையில் திரும்பத் திரும்ப நடக்கிறது? அந்த இரண்டு வகைகளின் மரபணுவில் வெட்டுமிடத்தைச் சுற்றி ஏ, ஜி எழுத்துகளே நெருக்கமாக நிற்கின்றன. ஒரே மாதிரி எழுத்துகள் ஓடும் இடத்தில் படியெடுக்கும் நொதி வழுக்கும். படித்ததையே திரும்பப் படித்து இன்னொரு முறை எழுதிவிடும். 'வாழைப்பழம்' என்று வேகமாகச் சொல்லும்போது நாக்கு புரள்வது போல. இதில் வைரஸுக்கு அதிர்ஷ்டம் எங்கே என்றால், லைசினுக்கான மூன்றெழுத்துக் குறிகள் ஏஏஏ, ஏஏஜி. ஆர்ஜினினுக்கான குறிகளில் இரண்டு ஏஜிஏ, ஏஜிஜி. வழுக்கி எழுதப்படும் ஏ-ஜி குவியலை மூன்று மூன்றாகப் பிரித்தால் லைசினும் ஆர்ஜினினும்தான் அதிகம் விழும். ஃபியூரினுக்கு வேண்டியதும் அதேதான். இந்த ஒரு தற்செயலைப் பற்றி எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

வழுக்குவது ஒரு வழி. ஒட்டுப்போடுவது இன்னொரு வழி. 2002இல் சிலியின் எச்7என்3 வைரஸ் தன்னுடைய நியூக்ளியோபுரத மரபணுவிலிருந்தே 30 எழுத்துகளை எடுத்து வெட்டுமிடத்தில் செருகிக்கொண்டது. 2004இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வைரஸின் இன்னொரு துண்டான மேட்ரிக்ஸ் மரபணுவிலிருந்து 21 எழுத்து. 2012இல் மெக்சிகோவின் எச்7என்3 கோழியின் சொந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலிருந்தே 24 எழுத்துகளைத் திருடியது. 2017இல் டென்னசி மாநிலத்து எச்7என்9 வைரஸிலும் அதே ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலிருந்து 27. எல்லாமே மூன்றின் மடங்கு என்பதைக் கவனியுங்கள். மூன்றால் வகுபடாத செருகல்களும் நடந்திருக்கும். அவை புரதத்தையே குலைத்துவிடுவதால் நம் கண்ணுக்கு வருவதில்லை.

அடுத்த செட்

காட்டு வாத்தின் குடலில் இந்த வைரஸ்கள் காலங்காலமாகப் பெரிய மாற்றமின்றி வாழ்கின்றன. கோழிக்கு வந்ததும் முதலில் தெரிகிற மாற்றங்களில் ஒன்று, நியூராமினிடேஸ் புரதத்தின் காம்பில் இருபது அமினோ அமிலம் அளவுக்கு வெட்டுப்பட்டுக் காம்பு குட்டையாவது. மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்திப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில் குட்டைக் காம்பைப் பார்த்தால், இந்த வைரஸ் நேற்று குளத்திலிருந்து வந்ததல்ல, கோழிகளுக்குள் சில காலமாகவே குடியிருக்கிறது என்று படிக்கலாம்.

குடியிருக்க வைப்பது யார் என்ற கேள்விக்குப் பண்ணையின் அமைப்பே பதில். பிராய்லர் செட் ஆறு வாரத்தில் காலியாகிறது. ஒரே வயதுக் குஞ்சு ஏற்றி, ஒரே நேரத்தில் இறக்கி, குப்பை அள்ளி, கழுவி, இரண்டு வாரம் காயப்போட்டால் வைரஸுக்கு நடுவில் ஒரு பாலைவனம். லேயர் பண்ணையில் அது இல்லை. நாமக்கல் வட்டாரத்தில் பார்க்கிற மாதிரி குஞ்சு செட், வளர்கோழி செட், முட்டைக்கோழி செட் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். சில வாரத்துக்கு ஒருமுறை எதிர்ப்புச் சக்தி இல்லாத இளங்கோழிகள் புதிதாக முட்டைச் செட்டுக்கு ஏறும். பழைய கோழிகள் தேறிவிட்டாலும் வைரஸுக்குப் புது விறகு வந்துகொண்டே இருக்கும். முட்டை டிரே, தீனி வண்டி, ஊசி போடும் ஆள்கள், எரு லாரி என்று செட்டுக்குச் செட் போகப் பாதையும் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா 2004 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒரே பண்ணையில் இரண்டு செட். மூத்த கோழிகள் இருந்த செட்டில் மென்மையான வைரஸ். சில நாள் இடைவெளியில் பக்கத்துச் செட்டின் இளங்கோழிகளில் மேட்ரிக்ஸ் துண்டு செருகிய கொடிய வைரஸ். நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். இத்தாலியில் நிதானமாக நடந்தது: 1999 மார்ச்சிலிருந்து எச்7என்1 மென்மையான வடிவில் 199 பண்ணைகளில் சுற்றியது. மென்மையான வைரஸுக்குக் கோழிகளை அழிக்க அப்போது சட்டத்தில் இடமில்லை. டிசம்பரில் அது கொடியதானது. அடுத்த சில மாதங்களில் 413 பண்ணைகள், 1.3 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள். எச்5, எச்7 என்றால் மென்மையாக இருந்தாலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இல்தான் விதி மாற்றியது.

ஊசி போட்ட செட்

'சாவு இல்லை'யின் இன்னொரு வடிவம், ஊசி போட்டதால் சாவு இல்லாத செட். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. ஆனால் பாதி பலிக்கும் ஊசி என்ன செய்யும் என்பதை மெக்சிகோ பத்து வருடத்துக்கும் மேலாகக் காட்டியிருக்கிறது. 1995 ஜனவரியில் அங்கே எச்5என்2 ஊசி தொடங்கினார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் கொடிய வடிவம் மறைந்தது, அது வெற்றிதான். மென்மையான வடிவம் போகவில்லை. ஊசி மருந்து தயாரிக்க எடுத்துக்கொண்ட விதை வைரஸ் 1994ஆம் ஆண்டினதாகவே இருக்க, வெளியே சுற்றிய வைரஸ் பல கிளைகளாகப் பிரிந்து நகர்ந்துகொண்டே போனது. பிந்தைய கிளைகளின் வைரஸை ஊசி போட்ட கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஊசியால் வைரஸ் வெளியேறுவதைத் தடுக்க முடியவில்லை என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது, ஆனால் பழைய வைரஸுக்கு ஏற்றது. அந்தச் சல்லடையில் சிக்காமல் நழுவும் வைரஸ்தான் அடுத்த கோழிக்குப் போகும்.

விதை பழசாவது மட்டும் காரணமில்லை. ஊசி முனையிலேயே பாதி போய்விடுகிறது. எண்ணெய்க் குழம்பு ஊசி மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் கெட்டியாக இருக்கும். தானியங்கி சிரிஞ்சு 0.5 மி.லி. என்று காட்டினாலும் அவ்வளவு இறங்காது. அறை வெப்பத்துக்கு வரவிட்டு, குலுக்கிப் போட வேண்டும். உறைந்துபோன மருந்தில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும், தூக்கி எறிய வேண்டியதுதான். கழுத்துத் தோலைத் தூக்கிப் போடும்போது ஊசி மறுபக்கம் வெளியே வந்து இறகு நனைவது அடிக்கடி நடக்கும். 500 கோழிக்கு ஒருமுறை ஊசி மாற்றாவிட்டால் முனை மழுங்கும். ஒரு கோழிக்கு இத்தனை பைசா என்று கூலி பேசிய ஆள்கள் கூண்டின் மூலையில் பதுங்கும் கோழியைத் தேட மாட்டார்கள். நூற்றுக்கு எழுபது கோழிக்கு நல்ல எதிர்ப்பு, முப்பதுக்கு அரைகுறை என்று செட் அமைந்தால் வைரஸுக்கு அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

பண்ணைகளில் சுற்றும் இன்னொரு வகையான எச்9என்2 பற்றிப் பேசும்போது "அது எச்9, கொடியதாக மாறாது" என்பார்கள். இயற்கையில் இதுவரை மாறவில்லை என்பது சரிதான். சீனாவில் 1998 முதல் எச்9என்2 ஊசி போட்டும், 2010 முதல் 2013 வரையான காலத்தில் ஒரு மரபணு வகை ஊசியைத் தாண்டிப் பண்ணைகளில் மேலோங்கியது. அதன் எட்டுத் துண்டுகளில் உள்துண்டுகள் ஆறும் (எச், என் இரண்டும் போக மற்றவை) போய்ச் சேர்ந்த இடம்தான் 2013இல் ஷாங்காயில் மனிதர்களில் கண்டறியப்பட்ட எச்7என்9. அந்த வைரஸ் கோழியில் ஓர் அறிகுறியும் காட்டவில்லை. மனிதர்களில் 1,568 பேரிடம் உறுதியாகி 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சாவு இல்லாத செட்டிலிருந்துதான். நான்கு வருடம் கழித்து குவாங்டாங் மாகாணத்தில் அதன் வெட்டுமிடத்திலும் நான்கு அமினோ அமிலம் செருகிக்கொண்டது. 2017 செப்டம்பரில் எச்5, எச்7 இரண்டுக்கும் சேர்த்த ஊசி தொடங்கி, விதை வைரஸை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தார்கள். முந்தைய பருவத்தில் 750ஐத் தாண்டிய மனித நோயாளிகள் அடுத்த பருவத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினார்கள். ஒரே நாடு, இரண்டு ஊசி, இரண்டு விளைவு.

எதைப் பார்ப்பது

இந்தியாவில் எச்5க்கு ஊசி கிடையாது. உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பதுதான் வழி. எச்9என்2க்குப் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் உருவாக்கிய செயலிழந்த ஊசி வந்திருக்கிறது. ஆகவே ஊசி போட்ட செட்டைக் கண்காணிப்பது இங்கேயும் நடைமுறைக் கேள்வியாகிவிட்டது.

முட்டை குறைந்த செட்டில் வெள்ளைக்கழிச்சலா, ஐ.பி. என்ற மூச்சுக்குழாய் அழற்சி நோயா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பிரிக்க முடியாது. நோயுற்ற கோழிகளிடம் தொண்டையிலும் ஆசனவாயிலும் தனித்தனியாகக் குச்சியால் தடவி மாதிரி எடுக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற அளவில் தொற்று இருந்தால் 95 சதவீத உறுதியோடு பிடிக்க 30 கோழி போதும். இருபதுக்கு ஒன்று என்றால் 60. ஒரே இடத்துக் குச்சிகளை ஐந்து வரை ஒரே குழாயில் சேர்க்கலாம். தொண்டைக் குச்சியையும் ஆசனவாய்க் குச்சியையும் ஒன்றாகப் போடக்கூடாது. ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைதட்டில் போட்டு உருக்கினால் வைரஸ் பாழ். பஞ்சு சுற்றிய மரக்குச்சி வேண்டாம், செயற்கை இழைக் குச்சிதான். முக்கியம்: முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திருந்தால் வைரஸ் வெளியேறும் உச்சம் தாண்டியிருக்கும்.

ஊசி போட்ட செட்டில் வெளி வைரஸ் புகுந்ததா என்று அறிய இரண்டு வழி உண்டு. குறியிட்ட முப்பது நாற்பது கோழிக்கு ஊசி போடாமல் விட்டு அவற்றின் ரத்தத்தை மாதம் ஒருமுறை பார்ப்பது எளிது. இத்தாலியர்கள் நுட்பமாகச் செய்தார்கள்: வெளியே எச்7என்1 சுற்றும்போது எச்7என்3 ஊசி போட்டு, என்1க்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது வெளி வைரஸ் என்று பிரித்தார்கள். 2002இல் உண்மையான எச்7என்3 ஒன்று வந்து சேர்ந்து அந்தத் திட்டத்தைக் கேலி செய்துவிட்டது. விதையை எச்7என்1க்கு மாற்ற வேண்டியதாயிற்று. ரத்தத்தில் எச்.ஐ. அளவு (எதிர்ப்பொருள் எவ்வளவு என்று காட்டும் எண்) பார்க்கும்போது ஊசி விதையை மட்டும் எதிரே வைத்துப் பார்ப்பது நம்மை நாமே பாராட்டிக்கொள்வது. சமீபத்தில் பண்ணையில் கிடைத்த வைரஸையும் பக்கத்தில் வைத்து அதே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஊசி விதைக்கு 256, பண்ணை வைரஸுக்கு 16 என்று வந்தால் விதை பின்தங்கிவிட்டது.

ஒரு வைரஸ் கொடியதா என்பதைப் பழைய முறையில் ஆறு வார வயதுக் கோழிகள் பத்துக்கு நரம்பில் செலுத்தி, பத்து நாள் தினமும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள்: நலமாக இருந்தால் 0, நோய் 1, கடும் நோய் 2, சாவு 3. சராசரி 1.2ஐத் தாண்டினால் கொடியது. இன்றைய உலக விலங்கு நல அமைப்பின் விதி இதோடு நிற்பதில்லை. எச்5, எச்7 வைரஸ் அந்தத் தேர்வில் 1.2க்குக் கீழே வந்தாலும் வெட்டுமிடத்தை வரிசைப்படுத்த வேண்டும். முன்பு கொடியதான வைரஸின் வரிசையோடு அது ஒத்திருந்தால், ஒரு கோழிகூடச் சாகாவிட்டாலும் கொடியது என்றே பதிய வேண்டும். அந்த விதிப்படி பார்த்தால், பென்சில்வேனியாவின் ஏப்ரல் வைரஸ் வந்த அன்றே கொடியது.